தும்பையும் வாகையும்: ‘வீரர்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி

தமிழ் நாளிதழ்களில் ‘வீரர்’ என்ற சொல் ஒரே நாளில் இரு வேறு பக்கங்களில் அச்சாகிறது. முதற்பக்கத்தில் எல்லையில் காயமுற்றவர் ராணுவ வீரர். விளையாட்டுப் பக்கத்தில் சதம் அடித்தவர் கிரிக்கெட் வீரர். வாடிவாசலுக்கு வெளியே காளையின் திமிலைப் பற்றித் தொங்குபவர் மாடுபிடி வீரர். நாற்காலியில் அமர்ந்து, அறுபத்து நான்கு கட்டங்களை மணிக்கணக்கில் உற்றுநோக்கும் குகேஷும் சதுரங்க வீரரே. படிப்பவர் எவரும் இதனால் குழம்புவதில்லை. முன்னால் நிற்கும் அடை, இன்னார் எந்த வீரர் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறது.

ஒரு சொல்லின் பொருளை அறிய அதனோடு சேர்ந்து வரும் சொற்களைப் பார்க்க வேண்டும் என்பது மொழியியலில் பழகிய நெறி. அந்நெறிப்படி பார்த்தால் இரு வீரர்களும் விரைவில் பிரிந்துவிடுகின்றனர். ‘வீரமரணம்’ படையினருக்கு மட்டுமே உரியது. ஆடுகளத்தில் சுருண்டு விழுந்து இறந்த ஆட்டக்காரரைக் குறித்து எழுதும் செய்தியாளர் அச்சொல்லை எடுப்பதில்லை. ‘வீரர்கள் ஏலம்’ விளையாட்டுக்கு மட்டுமே உரியது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியது முதல் ஆண்டுதோறும் இத்தொடர் தலைப்புச் செய்தியாகிறது; எவருக்கும் உறுத்தியதில்லை. அதே தொடரை ராணுவச் செய்தியில் பொருத்திப் பார்த்தால் மட்டுமே அதன் விபரீதம் புலப்படும். ஆக, சொல் ஒன்று. அது நடமாடும் வீடுகள் இரண்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் எவ்வளவு உறுதியானது என்பதே கேள்வி.

விளையாட்டில் ஈடுபடுவோரைப் படையினரோடு ஒப்பிடுவது பிற இடங்களில் பெரும் சர்ச்சைகளை எழுப்பியிருக்கிறது. 2003 நவம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி டென்னஸி அணியிடம் தோற்றது. தோல்வியின் சினம் அடங்காத கெல்லன் வின்ஸ்லோ என்ற இளம் ஆட்டக்காரர், ஆட்டத்தைப் போர் என்றும் தம்மைப் படைவீரர் என்றும் செய்தியாளர்களிடம் முழங்கினார். ஈராக்கில் அமெரிக்கப் படையினர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. உண்மையான படைவீரர்களின் குடும்பங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கையில் இப்படிப் பேசலாமா என்று நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. மறுநாளே அவர் மன்னிப்புக் கேட்டார்.

அங்கே ஒப்பீடு என்பது ஒரு கூற்று. கூறியவர் ஒருவர் இருந்தார். கூற்றைத் திரும்பப் பெறவும் அவரால் முடிந்தது. தமிழிலோ அந்த ஒப்பீட்டைச் செய்தவர் என்று எவரையும் சுட்ட இயலாது. அது சொற்களஞ்சியத்திலேயே படிந்துவிட்டது. அண்டை மொழிகளின் பொதுவழக்கு பெரும்பாலும் வேறு விதமானது. இந்தியின் ‘கிலாடி’ விளையாட்டைக் குறிக்கும் ‘கேல்’ என்பதிலிருந்து பிறந்தது. படையாளுக்கு ‘ஜவான்’, ‘சைனிக்’ என வேறு சொற்கள் உள்ளன. தெலுங்கின் ‘கிரீடாகாருடு’ விளையாட்டைச் செய்பவர். கன்னடத்தின் ‘கிரீடாபட்டு’ விளையாட்டில் தேர்ந்தவர். மலையாளத்தின் ‘காயிகதாரம்’ விளையாட்டு விண்மீன். இவற்றுள் எதிலும் படை இல்லை. தமிழில் மட்டும் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முந்தும் எட்டு வயதுச் சிறுவனும் வீரனாகவே அறிமுகமாகிறான்.

இதைத் தமிழின் குறை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஓர் இலேசுத்தன்மை உண்டு. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்பது பொருள். ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றால் பொறுப்பில்லாதவன். ஆடுதல் என்ற வினையோ இன்னும் பெரிய சுமையைத் தாங்கியது. கூத்தாடியை இழித்துப் பேசிய சமூகம், ‘ஆட்டக்காரி’ என்ற சொல்லை ஒரு வசவாகவே வைத்திருந்தது. இந்நிலையில், ஒரு பெண் ஓடினாள், எறிந்தாள், பதக்கம் வென்றாள் என்று எழுத வந்தவர்களுக்கு மதிப்பான ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘வீராங்கனை’ அத்தேவையை நிறைவேற்றியது. விளையாட்டை வீண்பொழுது என்று கருதிய வீடுகளில், மகளைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று தயங்கிய பெற்றோர் முன்னால், அச்சொல் ஒரு பரிந்துரைக் கடிதம்போல் நின்றிருக்கும். தொடக்க ஆட்டக்காரர், பந்துவீச்சாளர், நடுவர் என்று பணியைக் குறிக்கும்போது தமிழ் இயல்பாகவே ‘காரர்’, ‘ஆளர்’ என்ற விகுதிகளையே நாடுகிறது. மதிப்பைக் குறிக்க வேண்டும்போதுதான் ‘வீரர்’ வருகிறது. அது ஒரு பட்டம். விளையாட்டின் இலேசுத்தன்மையை ஈடுசெய்யச் சேர்க்கப்பட்ட எடை.

ஆயின், கடன் வாங்கிய எடை தன் விலையையும் உடன் கொண்டுவருகிறது. ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980-இல் வெளியிட்ட ‘மெட்டஃபர்ஸ் வீ லிவ் பை’ என்ற நூல் இவ்விடத்தில் உதவும். உருவகம் என்பது கவிதைக்குரிய அணி மட்டுமன்று, அன்றாடச் சிந்தனையின் அமைப்பே அதுதான் என்பது அவர்களது வாதம். விவாதத்தைப் போராகப் பார்க்கும் பழக்கம் அவர்கள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழிலும் எதிர்த்தரப்பின் வாதம் ‘தகர்க்கப்படுகிறது’. பேச்சாளர் மற்றவரைத் ‘தாக்கி’ப் பேசுகிறார். ஒரு பொருளை இன்னொன்றாகக் காணும்போது சில கூறுகள் வெளிச்சம் பெறுகின்றன, சில மறைகின்றன. அதோடு முடிவதில்லை. மூலப்பொருளில் இயல்பாக இருக்கும் உட்கிடைகளும், யாரும் அழைக்காமலே, மறுபக்கம் வந்து சேர்கின்றன.

விளையாடுபவரைப் படையாளாகக் காணும்போது வெளிச்சம் பெறுபவை எளிதில் தெரிகின்றன. விடியுமுன் எழும் ஒழுங்கு, வலியைத் தாங்கும் உடல், தன் அணிக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளும் மனம், சீருடை, கொடி. இவை பொய்யல்ல. இந்தியாவில் இவ்விரு வாழ்க்கைகளுக்கும் இடையே நிறுவன வழியான உறவும் உண்டு. 1928, 1932, 1936 ஒலிம்பிக் போட்டிகளில் ஹாக்கித் தங்கம் வென்ற தியான் சந்த், 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வுபெற்றவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. நீரஜ் சோப்ரா 2016-இல் ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் நாயப் சுபேதாராகச் சேர்ந்தார். வறிய ஊர்களிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு உணவும் பயிற்சியும் ஊதியமும் முதன்முதலில் கிடைத்த இடம் படைத்துறையே. ஒப்பீட்டை ஆதரிப்போர் இவற்றைச் சுட்டிக்காட்டுவதில் பிழையில்லை.

மறைபவை வேறு. படையாளின் பணி ஒப்பந்தத்தின் கடைசி வரியில், எழுதாமல், மரணம் இருக்கிறது. அவர் பிறரைக் கொல்லவும் ஆணை பெறலாம். பிடிக்கவில்லை என்று நடுவில் விலகிச் செல்ல அவருக்கு உரிமையில்லை. ஆட்டக்காரரோ தோற்ற மறுநாள் காலையில் உயிரோடு எழுகிறார். எதிரணியில் ஆடியவரும் எழுகிறார்; இருவரும் ஒரே விடுதியில் சிற்றுண்டி உண்ணவும் கூடும். ஆட்டம் நடப்பதற்கே எதிரணி தேவை. எதிரி இல்லாத நாளைத்தான் படை விரும்ப வேண்டும். எதிரணி வராத நாளில் ஆட்டமே இல்லை.

கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் இவ்வொப்பீடு பலமுறை பொதுவெளிக்கு வந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். மார்ச் 8 அன்று ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய இந்திய அணியினர், அவர்களது நினைவாக ராணுவ வண்ணத் தொப்பி அணிந்து களமிறங்கினர். ஆட்ட ஊதியத்தைத் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தனர். ஐசிசி இதற்கு முன்னரே இசைவளித்திருந்தது. பாகிஸ்தான் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் உலகக் கோப்பையில் மகேந்திர சிங் தோனியின் விக்கெட் காப்புக் கையுறையில் பாரா படைப்பிரிவின் குறுவாள் சின்னம் காணப்பட்டது. அவர் 2011 முதல் அப்படைப்பிரிவின் கௌரவ லெப்டினன்ட் கர்னல். இந்தியக் கிரிக்கெட் வாரியம் கேட்டும் ஐசிசி அதற்கு அனுமதி மறுத்தது. 2025 செப்டம்பரில் துபாயில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய, பாகிஸ்தான் அணியினர் கைகுலுக்கிக்கொள்ளவில்லை. இந்திய அணித்தலைவர் முதல் வெற்றியை ஆயுதப் படையினருக்குக் காணிக்கையாக்கினார். செப்டம்பர் 28-இல் இறுதி ஆட்டமும் முடிந்தபோது, அவ்வாண்டு மே மாதத்து ராணுவ நடவடிக்கையின் பெயரே பிரதமரின் சமூக ஊடகப் பதிவில் ஆட்டக்கள வெற்றிக்கும் சூட்டப்பட்டது.

இத்தகைய ஒவ்வொரு நிகழ்வின் பின்னும் இரு வகை எதிர்ப்புகள் எழுகின்றன. கூர்ந்து நோக்கினால் அவை எதிரெதிர்த் திசைகளிலிருந்து வருபவை. முதலாவது, படையினரின் தியாகத்தை விளையாட்டின் அளவுக்குச் சுருக்கிவிடாதீர்கள் என்பது. மட்டையும் பந்தும் ஏந்தியவரின் களைப்பை, பனிமலைக் காவலரணில் நிற்பவரின் களைப்போடு ஒரே தராசில் வைப்பது தகாது என்கிறது அது. இரண்டாவது, விளையாட்டுக்குள் படையைக் கொண்டுவராதீர்கள் என்பது. மக்கள் மோதலை மறந்து கூடும் ஒரே வெளியையும் போர்மனம் விழுங்கிவிடும் என்பது அதன் அச்சம். முன்னது படையை விளையாட்டிலிருந்து காக்கிறது. பின்னது விளையாட்டைப் படையிலிருந்து காக்கிறது. இரண்டும் நியாயமானவை. இரண்டிலும் ஒருவர் விடுபட்டுப்போகிறார்: அந்த ஒப்பீட்டைத் தன் உடலில் சுமக்கும் ஆட்டக்காரர்.

வெற்றி பெறும்வரை அச்சுமை பூமாலையாகவே தோன்றும். தோல்வியில்தான் உட்கிடைகள் வெளிவருகின்றன. ஆட்டத்தில் தோற்றவர் வெறும் தோற்றவர். போரில் தோற்றவரைப் பற்றி எழக்கூடிய கேள்விகள் வேறு. கோழையா? ஓடிப்போனவனா? எதிரியோடு சேர்ந்தவனா? 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. பதினொருவர் ஆடிய ஆட்டத்தில் துரோகி என்ற வசை முகமது ஷமியைத் தேடி வந்தது. அவரது மதம் அதற்குக் காரணமாக்கப்பட்டது. அணித்தலைவர் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 செப்டம்பர் 4 அன்று அதே நகரில், அதே எதிரணிக்கு எதிராக, அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைத் தவறவிட்டார். அன்றிரவே அவர் பிரிவினைவாதி என்று இணையத்தில் தூற்றப்பட்டார். கைநழுவிய பந்தை விளக்கத் துரோகம் என்ற சொல் எவ்வாறு கிடைத்தது? மதவெறுப்பு அதற்கு முதற்காரணம்; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவ்வெறுப்பு அமர்ந்துகொள்ள ஓர் ஆசனம் முன்னரே போடப்பட்டிருந்தது. ஆடுபவர் படையாள், ஆட்டம் போர் என்று ஏற்றுக்கொண்ட மனத்துக்கு, கேட்சைத் தவறவிடுவது காவலரணைக் கைவிடுவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இரண்டாவது உட்கிடை பணிவு. படையாள் ஆணையை எதிர்த்துத் தெருவுக்கு வருவதில்லை. 2023-இல் இந்திய மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் கூட்டமைப்பின் தலைவர்மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டை முன்வைத்து, தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, விளையாட்டு நிர்வாகத்தின் உயர்மட்டத்திலிருந்தே அது ஒழுங்கீனம் என்றும் நாட்டின் நற்பெயருக்குக் களங்கம் என்றும் குரல் எழுந்தது. ஓர் ஆலைத் தொழிலாளியோ ஒரு பேராசிரியரோ பணியிடத்தில் நேர்ந்த தொந்தரவைப் புகாராக்கினால், புகார் உண்மையா என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும். இங்கே முதலில் எழுந்தது நாட்டின் பெயர். பதக்கம் வென்ற நாளில் ‘நாட்டின் வீராங்கனை’ என்ற சொல் அளித்த அதே உயரம், புகார் சொன்ன நாளில் அவர்களைப் பேசவிடாத உயரமாயிற்று.

மூன்றாவது, எதிரணியில் இருப்பவர் எதிரி என்பது. நீரஜ் சோப்ராவுக்கு நேர்ந்தது இதன் விசித்திரமான எடுத்துக்காட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார், நீரஜ் 89.45 மீட்டருடன் வெள்ளி. தங்கம் வென்றவனும் தன் மகன் போன்றவனே என்று நீரஜின் தாயார் சொன்னதை அன்று இரு நாடுகளும் கொண்டாடின. 2025-இல் இந்தியாவில் நடத்தவிருந்த ஈட்டி எறிதல் போட்டிக்கு உலகின் முன்னணி எறிவாளர்களோடு நதீமையும் நீரஜ் அழைத்திருந்தார். ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலா வந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்த அழைப்பு அவர்மீது எறியப்படும் கல்லாயிற்று. அழைப்பு தாக்குதலுக்கு முன்னரே அனுப்பப்பட்டது என்றும், தம் நேர்மையும் தாயின் பழைய சொற்களும் ஐயத்துக்கு ஆளாவது வேதனையளிக்கிறது என்றும் அவர் அறிக்கை வெளியிட நேர்ந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரஜ் உருவகத்தால் ஆன படையாள் அல்லர். உண்மையாகவே படையில் பணியாற்றியவர். அவ்வாண்டு ஏப்ரல் 16 முதல் செல்லுபடியாகும் வகையில் பிராந்திய ராணுவத்தின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் தகுதியும் அவருக்கு வழங்கப்பட்டது. உண்மையான ராணுவச் சீருடை உடையவரின் நாட்டுப்பற்றை, உருவகச் சீருடையை மட்டுமே அறிந்தவர்கள் சோதித்துப் பார்த்தனர்.

இரு வாழ்க்கைகளையும் நேரில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கலக்காதவர்களாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் கீத் மில்லர் இரண்டாம் உலகப்போரில் போர்விமானம் ஓட்டியவர். பின்னர் உலகின் தலைசிறந்த பல்துறை ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். கிரிக்கெட்டின் மனஅழுத்தம் பற்றிக் கேட்டபோது, பின்னால் பகைவனின் விமானம் துரத்தி வருவதே அழுத்தம், கிரிக்கெட் அவ்வாறானதன்று என்ற பொருளில் அவர் அளித்த விடை புகழ்பெற்றது. அமெரிக்காவின் பேட் டில்மன் 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, 2002-இல் படையில் சேர்ந்தார். சேர்ந்த பின் அதுபற்றி ஊடகங்களிடம் பேச மறுத்தார். தம்மை வேறொரு படையாளாக மட்டுமே கருதும்படி விரும்பினார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆஃப்கானிஸ்தானில் தம் தரப்பினரின் குண்டுக்கே பலியானார். எதிரியின் குண்டுக்கு இரையானதாகவே முதலில் அறிவிக்கப்பட்டது. நினைவுக் கூட்டம் நடந்து முடிந்து, வாரங்கள் கழிந்த பின்னரே குடும்பத்தாருக்கு உண்மை தெரிந்தது. விளையாட்டு வீரர், போர் வீரர் என்ற இரு பிம்பங்களும் ஒன்றாக இணைந்தபோது கிடைத்த கதை அவ்வளவு கவர்ச்சியாக இருந்தது. உண்மை அக்கதைக்கு இடையூறாயிற்று.

மூன்றாமவர் முரளிகாந்த் பேட்கர். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த குத்துச்சண்டை ஆட்டக்காரர். 1965 போரில் அவர் உடலில் பாய்ந்த குண்டுகளுள் ஒன்று முதுகுத்தண்டைத் தாக்கியது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின் நீந்தக் கற்றார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியா பெற்ற முதல் பாராலிம்பிக் தங்கம் அதுவே. பாராலிம்பிக்கின் தோற்றமும் இதே வகையானது. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லூட்விக் குட்மன் என்ற மருத்துவர் போரில் காயமுற்ற 16 படையினரைக் கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அங்கே விளையாட்டு போரைப்போல் இருக்கவில்லை. போர் சிதைத்ததைச் செப்பனிடும் கருவியாக இருந்தது. பேட்கரை ஒரே பெயரால் ‘வீரர்’ என்று அழைப்பதில் தவறில்லை. ஆனால் அவரது உடலுக்கு 1965-க்கும் 1972-க்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழிடம் பழைய சொற்கள் உண்டு. விளையாட்டுச் செய்திகளில் நாள்தோறும் ‘வாகை சூடினார்’ என்று எழுதப்படுகிறது. வாகை தொல்காப்பியப் புறத்திணையியலின் ஏழு திணைகளுள் ஒன்று. போர்வெற்றியின் அடையாளமாகவே அது பொதுவாக நினைவுகூரப்பட்டாலும், தொல்காப்பியம் அதற்குத் தரும் இலக்கணம் அகன்றது. ஒவ்வொருவரும் தத்தமக்குரிய துறையில் குற்றமின்றி மேம்பட்டு விளங்குவதே வாகை. அந்தணர், அரசர், அறிவர், தவம் செய்வோர் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். எதிர்நின்று பொருதும் பொருநரும் உள்ளனர். நேருக்கு நேர் நின்று அழிக்கும் போருக்குரிய திணை வேறு; அது தும்பை. தும்பைக்கு இணையான அகத்திணையாகத் தொல்காப்பியர் நிறுத்துவது நெய்தலை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். உண்மையான போரின் மறுபக்கத்தில் ஒரு கரையும் ஓர் அழுகுரலும் இருக்கின்றன என்பதை அவ்விலக்கணம் மறக்கவில்லை.

பழையவர்களுக்கும் இந்த எல்லை எப்போதும் தெளிவாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80-ஆம் பாடலில் பாடுகிறார். மகனின் இந்த ஆற்றலைத் தந்தை தித்தன் காணட்டும் என்ற ஏக்கம் அதில் உண்டு. விளையாடும் பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் அது புரியும். அப்பாடலுக்குத் தொகுத்தோர் வகுத்த திணை தும்பை. மற்போர் அன்றே போரோடு கலந்துவிட்டது. ஆனால் அதே புலவர், அதே தலைவன்மீது பாடிய 82-ஆம் பாடலின் திணை வாகை. அதில் அவனது கைவேகத்துக்கு அவர் தேடிய உவமை வியப்பூட்டுவது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ, அவ்வளவு விரைவு.

பொருநனோடு மோதும் தலைவனைப் பாட வந்த புலவர் புலியையோ இடியையோ நாடாமல், ஓர் உழைப்பாளியின் வீட்டை நாடினார். அந்த உழைப்பாளியைக் குறிக்க மூலத்தில் உள்ள சொல் இழிவுபடுத்துவது. அதைக் கடந்து செல்ல முடியாது. ஆயினும் உவமை எதை எடைபோடுகிறது என்பது முக்கியம். கைத்திறன், நேர நெருக்கடி, வீட்டுக்கவலை, ஊதியம் கிடைக்கும் வேலை. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்வை இதைவிட நெருங்கி வரும் ஒப்பீடு அரிது. படையாளின் இடத்தில் கைவினைஞரை வைத்துப் பார்த்தால் உட்கிடைகளும் மாறிவிடுகின்றன. ஊசி தவறினால் கைவினைஞர் துரோகி ஆவதில்லை. காயம்பட்டால் அவருக்கு ஓய்வு உரியது. முதலாளியின் கொடுமையை அவர் வெளியே சொல்லலாம். பக்கத்து ஊர்க் கைவினைஞர் தன்னினும் சிறந்து பின்னினால் அவரை வியக்கவும் செய்யலாம்.

‘வீரர்’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்று இதனால் ஆகாது. வழக்கில் வேரூன்றிய சொல்லை ஆய்வாளர்கள் கூடிப் பிடுங்கிவிட முடியாது. ‘வீராங்கனை’ இன்னும் பல வீடுகளின் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. கவனம் தேவைப்படுவது அதைச் சூழவரும் வினைகளிலும் தொடர்களிலும். ‘இந்தியா வென்றது’ என்று எழுதக்கூடிய இடத்தில் ‘இந்தியா பழிதீர்த்தது’ என்று எழுதும்போது, பெயர்ச்சொல்லில் உறங்கிக்கொண்டிருந்த போர் வினைச்சொல்லில் விழித்துக்கொள்கிறது. ‘சரணடைந்தது’, ‘பகையை முடித்தது’, ‘சொந்த மண்ணில் வீழ்த்தியது’ என்பவையும் அவ்வகையினவே. இதழியல், மொழிபெயர்ப்பு, பாடநூலாக்கம் ஆகிய துறைகளுக்குச் செல்லும் மாணவர்கள் தீர்மானிக்கக்கூடியவை இவை. ஒரு தலைப்பில் ஒரு வினையை மாற்ற எந்த ஆணையமும் கூட வேண்டியதில்லை.

முரளிகாந்த் பேட்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா வாழ்நாள் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஹைடல்பர்க் தங்கத்துக்கும் அந்த அர்ஜுனா விருதுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. இக்காலம் முழுவதும் தமிழிலாயினும் வேறெந்த மொழியிலாயினும் அவரை வீரர் என்று அழைக்கத் தடை ஏதும் இருந்ததில்லை. அப்பட்டத்துக்கு எந்தச் செலவும் இல்லை. ஓய்வூதியம், மருத்துவம், பயிற்சியிடத்தில் பாதுகாப்பு, முறையிடும் உரிமை ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. விளையாடுபவரைப் படையாளோடு ஒப்பிடலாமா என்று அடுத்த சர்ச்சை எழும்போது, அவரைப் படையாள் என்று அழைத்தவர்கள் இவற்றுள் எதை அவருக்குக் கொடுத்தார்கள், எதை அவரிடம் கேட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பது பயன்தரும்.